மைசூர் நகரின் தெருக்களை வகுத்தவர் யார்?

தசராக் காலத்தில் மைசூருக்குச் செல்லும் நம்மவர் பலர். சத்தியமங்கலம் மலைவழியே சாமராஜநகரைத் தாண்டிச் செல்வோரும், பெங்களூரிலிருந்து ரயிலேறிச் செல்வோரும் அங்கே காண விரும்புவது அரண்மனையின் விளக்கலங்காரம், சாமுண்டி மலை, பிருந்தாவனத் தோட்டம் ஆகிய மூன்றுமே. தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகைச் சரமும் நஞ்சனகூடு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்த மார்க்கெட்டு நிற்கும் வீதி எங்கிருந்து வந்தது, லட்சுமிபுரத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடும் குறுகிய சந்து எதற்காக விடப்பட்டது என்று கேட்பவர் மிகச் சிலர். இவை யாவும் தாமே அமைந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மேசையின்மீது, ஏதோ ஒரு சபையாரால், பல வேளைகளில் ஒரு பெருந்துன்பத்துக்குப் பிறகு எடுக்கப்பட்ட முடிவின் பயன். அம்முடிவுகள் எவ்வாறு எடுக்கப்பட்டன, இன்று எவ்வாறு எடுக்கப்படுகின்றன என்பதைச் சிறிது விரிவாகப் பார்ப்போம்.

1799ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் தலைநகரம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டு மீண்டும் மைசூருக்கு வந்தது. அக்காலத்தில் திவானாக இருந்த பூர்ணையா, காவிரி நீரை நகருக்குக் கொண்டுவர எண்ணி ஒரு பெரிய கால்வாயை வெட்டுவித்தார். எண்ணம் நல்லதே, ஆனால் காவிரி வரவில்லை. வெட்டிய கால்வாய் வெட்டியபடியே கிடக்க, நகரத்துச் சாக்கடையெல்லாம் அதிற்போய் விழுந்தது. குடிநீருக்கென்று தோண்டிய வழி நோய்க்கு வழியாயிற்று. எண்பது ஆண்டுகள்வரை நகரின் நடுவே இந்நிலை நீடித்தது என்றால், ஒருமுறை செய்த பிழையைத் திருத்துவது எத்துணைக் கடினம் என்பது விளங்கும்.

1886ஆம் ஆண்டில் அக்கால்வாயின் பெரும்பகுதியை மண்ணிட்டு மூடினார்கள். அப்போது திவானாக இருந்தவர் பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த சேஷாத்ரி ஐயர். மூடிய இடத்தின்மேல் அகன்ற வீதி ஒன்று எழுந்தது. பரோடா மன்னரின் பெயரால் சயாஜி ராவ் வீதி என்று வழங்குவது அதுவே. இன்று தசரா ஊர்வலத்தில் யானை அம்பாரியைச் சுமந்து செல்லும் வீதியும் அதுவே. அந்த மாற்றத்தை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு உண்டாகிறது.

நகர ஆட்சிக்கென்று ஒரு நகரசபை மைசூரில் 1862ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. ஆனால் அதன் வேலை பெரும்பாலும் விளக்கேற்றுதல், குப்பை வாருதல், வரி தண்டுதல் ஆகியவற்றோடு நின்றது. புதிய குடியிருப்புகளை வகுப்பதற்கும், பழைய நெரிசலைக் கலைப்பதற்கும் அதனிடம் பொருளும் இல்லை, அதிகாரமும் இல்லை. அந்த அதிகாரத்தைத் தந்தவை இரண்டு துன்பங்கள்.

முதலாவது தீ. 1897ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அரச குடும்பத்துத் திருமணம் ஒன்று நடந்துகொண்டிருக்கையில், மரத்தாலான பழைய அரண்மனை எரிந்து போயிற்று. ஹென்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி புதிய அரண்மனை எழும்பி 1912இல் முடிவுற்றது. அதற்குமுன் கோட்டைக்குள் நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகளில் ஏராளமான குடிகள் வாழ்ந்து வந்தார்கள். அரண்மனைக்கு முன்னே நாம் இன்று காணும் பரந்த வெளி அக்குடிகள் விட்டுச் சென்ற இடம். அவ்வெளியின் அழகைப் புகழும்போது, அங்கிருந்து எழுந்து சென்றவர்களையும் ஒரு கணம் நினைத்தல் தகும். அவர்களுக்கு வேறிடம் வேண்டியிருந்தது.

இரண்டாவது துன்பம் பிளேக். 1896இல் பம்பாயில் தோன்றிய அந்நோய் 1898இல் மைசூர்ச் சமஸ்தானத்தை எட்டியது. பம்பாயில் அதே 1898ஆம் ஆண்டு நகரச் சீர்திருத்தத்திற்கென ஒரு தனி டிரஸ்டு அமைந்தது. பெங்களூரில் பசவனகுடியும் மல்லேசுவரமும் அப்போதே வகுக்கப்பட்டன. மைசூரில் 1903ஆம் ஆண்டில் நகர அபிவிருத்திச் சட்டம் பிறந்தது. அதன்வழி அமைந்ததே நகர அபிவிருத்தி டிரஸ்டு போர்டு. நம் நாட்டில் இவ்வகையில் மிக முந்தித் தோன்றிய சபைகளுள் இது ஒன்று. கல்கத்தாவுக்கு இத்தகைய சபை 1912இல்தான் வந்தது. பக்கத்துப் பெங்களூருக்கோ 1945வரை இல்லை. சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது 1920இல். நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை வகுத்தது அதன் பின்னரே.

இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. பிளேக் நோயை எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி பரப்புகிறது என்பதை 1898இல்தான் ஓர் ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினார். உலகம் அதனை ஒப்புக்கொள்ள மேலும் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே அகன்ற தெருக்களை வகுத்த அதிகாரிகளிற் பலர், கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று நம்பியவர்கள். காற்று வீசட்டும் என்று தெருவை அகலப்படுத்தினார்கள். வெளிச்சம் புகட்டும் என்று வீடுகளுக்கிடையே இடம் விட்டார்கள். காரணத்தைப் பற்றிய அவர்கள் எண்ணம் முழுமையானது அன்று. ஆயினும் நெருக்கமும் இருளும் நீங்கிய இடத்தில் எலி பதுங்கும் மூலைகளும் குறைந்தன. அரைகுறையான அறிவோடும் நல்ல தெருவை வகுத்துவிடலாம் போலும்.

சாமராஜபுரம், லட்சுமிபுரம், சாமுண்டிபுரம் முதலிய பகுதிகளில் நடந்து பார்த்தால் அக்காலத் திட்டம் கண்ணுக்குத் தெரியும். நேரான தெருக்கள், வீட்டுக்கு முன்னே சிறு தோட்டம், வீட்டு வரிசைகளின் முதுகுப்புறத்தில் ஒரு சந்து. கக்கூஸ் சுத்தம் செய்யும் தொழிலாளி தெருவழியே வராமல் பின்வழியே வந்து போவதற்காக விடப்பட்ட சந்து அது. சுகாதாரம் என்ற பெயரில் சாதிக் கொடுமையும் அந்த வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கீறப்பட்டிருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. பாதாளச் சாக்கடை வந்தபின் அந்தச் சந்துகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. சிலவற்றை அடுத்த வீட்டார் ஆக்கிரமித்தார்கள். சிலவற்றில் குப்பை சேர்ந்தது. பயன் ஒழிந்தபின் ஒரு பொது இடத்தை என்ன செய்வது என்று முடிவு செய்வதும் நகரசபையின் கடமைகளுள் ஒன்று. இதில் எந்த ஊரும் பெரிதாக வென்றதாகத் தெரியவில்லை.

1926 முதல் 1941 வரை திவானாக இருந்த சர் மிர்சா இஸ்மாயில் காலத்தில் நகரின் தோற்றத்திற்கே தனிக் கவனம் கிடைத்தது. நாற்சந்திகள் வட்டமாயின, வட்டங்களில் சிலைகளும் பூம்பாத்திகளும் தோன்றின. அரண்மனை ஊழியர்கள் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக 1927இல் எழுப்பிய மணிக்கூண்டு இன்றும் 'தொட்ட கடியாரம்' என்று கன்னடத்தில் வழங்குகிறது. பெரிய கடிகாரம் என்பது அதன் பொருள். அதனருகே 1884இல் அடிக்கல் நாட்டப்பெற்ற நகர மண்டபம் நிற்கிறது. அது செங்கல்பட்டுச் சீமையிலிருந்து சென்று திவானான ரங்காசார்லுவின் நினைவுச் சின்னம். குடிகளின் பிரதிநிதிகளைக் கூட்டிக் கருத்துக் கேட்கும் சபையை 1881இல் மைசூரில் தொடங்கியவர் அவரே. எனினும், இத்தனை அழகும் பெரும்பாலும் மேலிருந்து வந்த கட்டளையால் விளைந்தது. மன்னரும் திவானும் விரும்பினார்கள், வட்டம் வட்டமாயிற்று. மக்களாட்சியில் அவ்வளவு எளிதில் ஒன்றும் நடவாது, நடக்கவும் கூடாது.

இனி இன்றைய முறையைப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டில் நகர, கிராம அமைப்புச் சட்டம் அந்த மாநிலத்தில் நிறைவேறியது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி 1988இல் பழைய டிரஸ்டு போர்டின் இடத்தில் நகர அபிவிருத்தி ஆணையம் அமைந்தது. ஊரை விரிவாக்கி மனைகளைப் பிரித்துக் கொடுப்பது ஆணையத்தின் வேலை; உருவான தெருவைப் பராமரிப்பதும், அதில் வீடு கட்ட அனுமதி தருவதும் மாநகராட்சியின் வேலை. இவ்விரண்டுக்கும் இடையே பொறுப்பு நழுவி விழுவது உண்டு. ஆணையம் மனை பிரித்துக் கொடுத்த பேட்டையை மாநகராட்சி ஏற்றுக்கொள்ளும்வரை அங்குள்ள குடித்தனக்காரர் தெருவிளக்குக்கு யாரிடம் போய் முறையிடுவது?

வீட்டின் வடிவத்தை விதிகள் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 40 அடி அகலமும் 60 அடி நீளமும் உள்ள மனை ஒன்று. பரப்பு 2,400 சதுர அடி. தளப்பரப்பு விகிதம் ஒன்றேமுக்கால் என்று விதி இருந்தால், எல்லா மாடிகளையும் சேர்த்து 4,200 சதுர அடி கட்டலாம். முன்னும் பின்னும் பக்கங்களிலும் விட வேண்டிய வெற்றிடத்திற்குத் தனி அளவு உண்டு. தெரு அகலமானால் விகிதமும் கூடும். விகிதத்தைச் சிறிது உயர்த்தினால் தெருவின் தோற்றமே மாறும். ஒற்றை மாடி வீட்டின் விலை அதன் சுவரில் இல்லை, அதன்மேல் இன்னும் கட்டக்கூடிய வெற்றுவெளியில் இருக்கிறது என்ற நிலை வரும். அந்நாள் முதல் பழைய வீட்டுக்கு ஆயுள் குறைவு.

இது வெறும் கற்பனை அன்று. நம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற ஆர். கே. நாராயணன் மைசூர் யாதவகிரியில் ஒரு மாடி வீடு கட்டிக்கொண்டார். 1950களின் தொடக்கத்தில் அவர் அதில் குடிபுகுந்தார். எட்டுச் சன்னல்கள் வைத்த வளைவான அறையில் அமர்ந்து எழுதி வந்தார். பிற்காலத்தில் சென்னைக்கு வந்து, 2001இல் மறைந்தார். 2011ஆம் ஆண்டில் அவ்வீட்டை இடித்து அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்பும் வேலை தொடங்கிற்று. செய்தி பத்திரிகைகளில் வெளிவந்ததும் நகரத்தார் கூக்குரலிட்டனர், இடிப்பு நின்றது.

நின்றபின் எழுந்த கேள்விகளே இங்கு முக்கியமானவை. உரிமையாளர் விற்றார், வாங்கியவர் காசு கொடுத்து வாங்கினார். இடிக்காதே என்று தடுப்பது எளிது. தடுத்தால் அவர்களுக்கு நேரும் நட்டத்தை யார் ஏற்பது? ஆங்கிலத்தில் எழுதிய ஒருவர் வீட்டுக்கு மைசூர் மக்களின் வரிப்பணத்தைச் செலவிடுவது தகுமா என்று கன்னட எழுத்தாளர் சிலர் கேட்டார்கள். அக்கேள்வியை வெறும் பொறாமை என்று தள்ளிவிடுவதற்கில்லை. தம் மொழியின் பெரும் எழுத்தாளர்களுடைய வீடுகள் கேட்பாரற்றுக் கிடக்க, இதற்குமட்டும் ஏன் இந்தப் பரிவு என்பது நியாயமான ஆதங்கமே. முடிவில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல் விலை கொடுத்துப் பொதுப் பணத்தால் வீட்டை வாங்கிப் பழுது பார்த்தார்கள். 2016ஆம் ஆண்டில் அது நினைவு இல்லமாகத் திறக்கப்பட்டது. அதைச் சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். ஒரு தனியாரின் உடைமையைப் பொதுமக்கள் வேண்டுமென்று விரும்பினால், பொதுமக்களே விலை கொடுத்தாக வேண்டும் என்பதை அது ஒளிவுமறைவின்றிக் காட்டிற்று.

கட்டடத்தின் உடைமையாளர் நகராட்சியே ஆகும்போது சிக்கல் வேறுவகைப்படுகிறது. தேவராஜ மார்க்கெட்டும் அதனருகேயுள்ள லான்ஸ்டவுன் கட்டடமும் அவ்வகையின. லான்ஸ்டவுன் கட்டடம் 1892ஆம் ஆண்டில், அப்போதைய வைசிராய் மைசூருக்கு வந்ததன் நினைவாக எழுந்தது. கீழே வரிசையாகக் கடைகள். முன்னே தூண்களோடு கூடிய நடை. பழைய புத்தகம் தேடி அங்கே அலைந்தவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அதன் ஒரு பகுதி சரிந்து விழுந்து நான்கு பேர் உயிரிழந்தனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேயே, தேவராஜ மார்க்கெட்டின் வடக்கு வாயிலும் இடிந்தது. பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே நேர்ந்த சரிவு அது.

இத்தகைய கட்டடம் ஏன் சரிகிறது என்பதைச் சொல்ல வேண்டும். அக்காலத்துக் கட்டடங்களில் செங்கல்லும் சுண்ணாம்புமே சுவர், சிமெண்டு கிடையாது. தளம் பெரும்பாலும் நம் ஊரின் பெயரால் 'மதராஸ் டெரஸ்' என்று கொத்தனார்கள் சொல்லும் முறையில் அமைந்தது. தேக்கு உத்தரங்களை நெருக்கமாகப் பரப்பி, மெல்லிய செங்கற்களைக் குத்துவசத்தில் சுண்ணாம்பு வைத்துக் கோத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். நன்கு காத்தால் நூற்றைம்பது ஆண்டுகள் நிற்கும். ஆனால் அதற்கு ஒரு பகை உண்டு, அது நீர். தட்டோட்டின் சந்து விட்டுப்போய் மழைநீர் இறங்கினால், சுவருக்குள் புதைந்துள்ள உத்தரத்தின் நுனி முதலில் உளுக்கும். வெளியே பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சுவர் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்தால், அதன் வேர் மேலும் வழி திறந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் மழைக்குமுன் ஓர் ஆள் ஏறிப் பார்த்தால் போதும். அந்த ஆளை அனுப்பாத ஆண்டுகளின் கணக்கு, கட்டடம் விழும் நாளில்தான் தெரியவருகிறது.

மார்க்கெட்டு சரிந்தபின் வல்லுநர் குழுக்கள் பல வந்து பார்த்தன. பழுது பார்க்க இயலாத நிலை, இடித்துவிட்டுப் பழைய முகப்பின் சாயலிலே புதிதாகக் கட்டுவதே நலம் என்றது ஒரு தரப்பு. சுவர்கள் இன்னும் உறுதியாகவே இருக்கின்றன, பழுதுற்ற பகுதிகளைமட்டும் பழைய முறையிலே திருத்தலாம் என்றது புராதனக் கட்டடங்களைக் காக்க விழையும் அறிஞர் தரப்பு. அரச குடும்பத்தாரும் இடிப்பதை விரும்பவில்லை. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2023ஆம் ஆண்டில் கர்நாடக உயர்நீதிமன்றம், இடித்துப் புதிதாகக் கட்டும் முடிவில் தலையிட மறுத்தது.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. நான்கு பேர் இறந்த ஊரில், 'பழைமை அழகு' என்றுமட்டும் பேசிக்கொண்டிருத்தல் இயலாது. அதே வேளையில், பழைய சாயலில் கட்டிய புதுக் கட்டடம் பழைய கட்டடம் ஆகிவிடாது. முகப்பு வளைவைக் கான்கிரீட்டில் வார்த்துவிடலாம். தடித்த சுண்ணாம்புச் சுவர் தரும் குளுமையையும், பூக்காரரும் குங்குமக் கடைக்காரரும் தலைமுறை தலைமுறையாக வகுத்துக்கொண்ட இட ஒழுங்கையும் வார்க்க அச்சு இல்லை. கடைக்காரருக்குக் கவலை வேறு. கட்டடம் நிற்குமா என்பதைவிட, வேலை முடியும்வரை தாம் எங்கே போய் விற்பது, முடிந்தபின் தம் கடை தமக்கே கிடைக்குமா, வாடகை எவ்வளவு ஆகும் என்பனவே அவர்களுக்குப் பெரிய கேள்விகள். நகரசபைகள் கட்டடத்தின் படத்தை வரைந்து காட்டும் அளவுக்கு இக்கேள்விகளுக்கு விடை எழுதிக் காட்டுவதில்லை. வழக்குகள் நீளுவதற்கு அது ஒரு காரணம் என்பது என் கருத்து.

பழைய கட்டட வாடகையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய வாடகை மிகக் குறைவு. குறைந்த வாடகையில் பராமரிப்புக்குப் பணம் மிஞ்சாது. பராமரிப்பு இல்லாத கட்டடத்திற்கு வாடகையை உயர்த்தக் கடைக்காரர் ஒப்பமாட்டார். இதனை அறுக்க யாரேனும் ஒருவர் முதலில் கைவைக்க வேண்டும். உடைமையாளரான நகராட்சி கைவைத்து, மழைக்கு முன்னே தளத்தைச் செப்பனிட்டுக் காட்டினால், வாடகைப் பேச்சு எளிதாகும்.

மைசூரில் நூற்றுக்கும் மேற்பட்ட பழங்கட்டடங்கள் பாதுகாக்கத் தக்கன என்று அடையாளம் காணப்பட்டுள்ளன. பட்டியலில் பெயர் சேர்ந்ததால்மட்டும் ஒரு கூரையில் ஒழுக்கு நிற்காது. தேவராஜ மார்க்கெட்டின் பெயரை அறியாத பட்டியல் எதுவும் இல்லை; ஆயினும் அதன் வாயில் இடிந்தது.

இம்முடிவுகளில் நமக்குப் பங்கு உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு, சட்டமே தந்திருக்கிறது. ஒரு நகரத்தின் பெருந்திட்டத்தைத் தயாரித்தவுடன், அதை உறுதி செய்வதற்குமுன் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, குறித்த நாட்களுக்குள் ஆட்சேபங்களைக் கேட்டாக வேண்டும். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் இவ்விதி உண்டு. அந்தப் படத்தைக் கண்டு பலர் மிரண்டு திரும்பிவிடுகிறார்கள். மிரளத் தேவையில்லை. வழக்கமாக மஞ்சள் நிறம் குடியிருப்பைக் குறிக்கும், நீலம் வாணிகம், ஊதா தொழிற்சாலை, சிவப்பு பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்ற பொது இடங்கள், பச்சை பூங்காவும் விளையாட்டு வெளியும். முதலில் உங்கள் தெருவைக் கண்டுபிடியுங்கள். அது மஞ்சளாக இருந்து, இரு முனைகளிலும் நீலம் தீட்டப்பட்டிருந்தால், பத்தாண்டுகளில் உங்கள் வாசலில் வண்டிகள் வந்து நிற்கும் என்று பொருள். பழைய படத்தில் பச்சையாக இருந்த இடம் புதிய படத்தில் வேறு நிறம் பெற்றிருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறியிருந்தால் சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளில் காரணத்தோடு எழுதி, கெடுவுக்குள் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.